வலது பக்கம் ஒரு விரல் கூடுதல்

ஹபீபா பீவியின் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டதால்தான் நான் அந்த வீட்டுக்குள் போனேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டாம் ஆண்டு, நோன்பு தொடங்கி நாலைந்து நாள் ஆகியிருந்தது. நான் மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்று வருடம் வேலை பழகியவள். பிறகு வீடு வீடாகப் போய் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொண்டேன். என் பெயர் அமலம்மாள். பினாங்கில் நர்ஸை மிஸ்ஸி என்பார்கள், அந்த வீட்டில் யாரும் என் பெயரைக் கேட்கவே இல்லை.

வீடு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. அண்ணன் ஷேக் அலாவுதீன், தம்பி இஸ்மாயில். இரண்டு பேருக்கும் சேர்த்து சூலியா தெருவில் ஒரு துணிக்கடை. அண்ணன் பெண்சாதி ஹபீபா பீவிக்கு அப்போது முப்பத்துமூன்று வயது, மூன்று பிள்ளைகள். தம்பி பெண்சாதி சுலைஹாவுக்கு இருபத்தொன்று. கடலுக்கு அக்கரையில் இருக்கும் கெப்பாலா பத்தாஸிலிருந்து கல்யாணமாகி வந்து இரண்டு வருடம்.

வேலையில் ஹபீபாவைக் குறை சொல்ல முடியாது. பத்துப் பேர் சாப்பிடும் வீட்டில் ஒருவர்கூடப் பசியோடு எழுந்ததை நான் பார்த்ததில்லை. சொன்ன நேரத்தில் வெந்நீர் வரும். படுக்கைத் துணி கேட்டால் வெயிலில் காய்ந்த துணி வரும். என் போன்றவர்களுக்கு அதுதான் முக்கியம். ஆனால் சுலைஹா பக்கத்தில் வந்துவிட்டால் ஹபீபாவுக்கு மூளை வேலை செய்யாது. மாமியாருக்கு நான் மருந்து கொடுக்கும்போது சுலைஹா கிண்ணத்தைப் பிடித்தால், அடுத்த வேளைக்கு ஹபீபா ஓடி வந்து பிடிப்பாள். சுலைஹா மாமியாருக்குத் தலை வாரினால், வாரிய தலையை ஹபீபா பிரித்து மறுபடி வாருவாள். மாமியாருக்கு இது நன்றாகத் தெரியும். "இன்னிக்கி சின்னவ கால் பிடிச்சா, சொகமா இருந்துச்சு" என்று காற்றில் ஒரு வார்த்தை விடுவார். ஐந்து நிமிடத்தில் பெரியவள் தைலக் குப்பியோடு வந்து நிற்பாள். அப்படி அந்த அம்மாளுக்கு நாளுக்கு நாலு தடவை கால் பிடித்துவிட்டார்கள். நானும் தடுக்கவில்லை. படுக்கையில் கிடக்கிற காலுக்கு அது நல்லதுதான்.

மருமகள்கள் விஷயத்தில் மாமியாருக்கு ஒரு சட்டம் இருந்தது. பெருநாளுக்கு இருவருக்கும் கடையில் ஒரே துணிக்கட்டிலிருந்து வெட்டிய துணி, ஒரே தையற்காரி, ஒரே நாளில் கையில் கொடுக்க வேண்டும். தையற்காரி பெயர் காமாரியா. இரண்டு தெரு தள்ளி இருந்த விதவை. கடையில் துணி வாங்குகிறவர்கள் தைக்கக் கேட்டால் காமாரியாவிடம்தான் அனுப்புவார்கள். அவள் வீட்டு அடுப்பு எரிவது அந்த வேலையால்தான்.

நோன்புப் பெருநாள் காலையில் இருவரும் உடுத்திக்கொண்டு மாமியாரிடம் சலாம் சொல்ல வந்தார்கள். முழங்காலுக்குக் கீழே இறங்கும் நீண்ட மலாய் மேற்சட்டையான பாஜு, மெல்லிய இளம்பச்சை வாயில் துணி, முன்பக்கம் மேலிருந்து கீழாக பொத்தானுக்குப் பதிலாகக் குத்தும் மூன்று குரோசாங் ஊசி. சுலைஹாவுக்கு விளிம்பு தண்ணீர் மட்டம் போல நேராக நின்றது. ஹபீபாவுக்கு வலது பக்கம் ஏறியும் இடது பக்கம் இறங்கியும் இருந்தது. மூன்று ஊசியும் ஒரு பக்கம் சாய்ந்து வரிசை கட்டியிருந்தன.

"என்ன ராத்தா, வலது பக்கம் எலி கடிச்சிருச்சா?" என்று சுலைஹா ஹபீபாவைக் கேட்டாள். அவள் சுபாவம் அது, வாயில் வந்ததைச் சொல்லிச் சிரிப்பாள். கெட்ட எண்ணம் கிடையாது.

ஹபீபா சிரிக்கவில்லை. விருந்தாளிகள் போன பிறகு காமாரியாவை ஆள் விட்டு அழைத்து வந்து, நடுக்கூடத்தில் நிற்க வைத்தாள்.

"மூணு பெருநாளா பாக்குறேன். ஒரே துணி, ஒரே கத்தரி. அவளுக்கு மட்டும் நேரா வருது, எனக்குக் கோணலா வருது. அவளும் கெப்பாலா பத்தாஸ், நீயும் கெப்பாலா பத்தாஸ். ஊர்ப்பாசமா?"

"ரெண்டும் ஒரே அளவுதான் பீவி. நீங்க சொன்ன மாதிரியே ஒன்னு மேல ஒன்னு வச்சுத்தான் வெட்டினேன்லா" என்றாள் காமாரியா. பார்வை தரையில் இருந்தது. வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சுலைஹா தூணில் சாய்ந்து வேடிக்கை பார்ப்பதைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டாள்.

அன்று அலாவுதீன் வீட்டுக்கு வந்ததும் ஹபீபா அவரிடம் ஒரே பிடியாக நின்றாள். கடைத் தையலைக் காமாரியாவிடமிருந்து பிடுங்கி, கேம்பல் தெருவில் இருக்கும் சீனத் தையற்காரரிடம் கொடுக்க வேண்டும். அலாவுதீன் அமைதியான மனிதர். சண்டை பிடிக்காதவர், அதனால் தள்ளிப்போடுகிறவர்.

"ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் பொறு. அப்பவும் கோணலா வந்தா வேலைய மாத்திடுறேன். அதுக்குள்ள என் காதுல இந்தப் பேச்சு விழக்கூடாது."

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு மாதமும் சில நாட்களும் இருந்தன.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில் மாமியாரைப் புரட்டிப் படுக்கவைக்க ஹபீபா எனக்குக் கை கொடுத்தாள். படுக்கைத் துணியை அந்தப் பக்கம் செருகக் குனிந்தாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். மெல்லிய ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. இடது பக்கம் தட்டையாக இருக்க, வலது பக்கம் மட்டும் கவிழ்த்து வைத்த தட்டின் முதுகு போல மேடாக எழுந்து நின்றது.

ஆஸ்பத்திரியில் சிறுமிகள் சிலரிடம் இதைப் பார்த்திருக்கிறேன். வேலை முடிந்ததும் அவளைத் தனியே அழைத்துக் கதவைச் சாத்தினேன்.

"காலைச் சேர்த்து வைங்க. கைய ரெண்டையும் கும்பிடற மாதிரி சேர்த்துக்கிட்டுக் குனிங்க. முழங்கால மடக்கக் கூடாது."

"எதுக்கு மிஸ்ஸி?"

"குனிங்க, சொல்றேன்."

குனிந்தாள். நான் நினைத்தது சரிதான். நிமிரச் சொல்லி, தோள்களைப் பார்த்தேன். வலது தோள் இடதைவிட ஒரு விரல் உயரம். முதுகெலும்பு வரிசையில் விரலை ஓட்டினேன். நேராக வரவில்லை. நடுவில் வலப்பக்கம் ஒதுங்கி, மறுபடி திரும்பி வந்தது. சாயங்காலமானால் முதுகில் ஒரு பக்கம் வலிக்குமா என்று கேட்டேன்.

"வலிக்கும். கண்ணேறுன்னு நெனச்சேன். யார் கண்ணுன்னும் தெரியும்."

"யார் கண்ணும் இல்லை. உங்க எலும்பு லேசா வளைஞ்சிருக்கு. டாக்டரம்மாகிட்ட காட்டணும்."

வீட்டில் மாமியாருக்கு மருந்து வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு ரிக்ஷாவில் போனோம். பெண்களைப் பார்க்கிற வெள்ளைக்கார டாக்டரம்மா ஒருவர் இருந்தார். அவரும் குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார், எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். இரண்டாம் நாள் மறுபடி போனபோது படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முதுகெலும்பு மழைநீர் ஓடிய தடம் போல லேசாக நெளிந்து தெரிந்தது.

ஸ்கோலியோசிஸ் என்று பெயர் சொன்னார். கொஞ்சம்தான். இது நேற்று வந்ததில்லை, பெண் வளர்கிற வயதில் வந்திருக்கும், இனிமேல் அதிகமாவதற்கு வழி குறைவு. படுக்கையில் கிடக்க வேண்டாம், இரும்புக் கச்சை வேண்டாம். தினமும் செய்ய நாலு பயிற்சி காட்டினார். கனத்தை ஒரே பக்கமாகத் தூக்காதே என்றார். அவ்வளவுதான். நான் வரிவரியாகத் தமிழில் சொன்னேன்.

ஹபீபா கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "பொறாமைக் கண்ணு பட்டா எலும்பு வளையுமான்னு கேளுங்க மிஸ்ஸி" என்றாள்.

அதை அப்படியே கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. இது எதனால் வருகிறது என்று மட்டும் கேட்டேன். பெரும்பாலும் காரணம் தெரிவதில்லை என்றார் டாக்டரம்மா.

"பாத்தீங்களா! தெரியாதுன்னுதானே சொல்றாங்க, இல்லன்னு சொல்லலியே?"

"உங்களுக்கு வளையும்போது சுலைஹா பிறந்து தவழ்ந்துக்கிட்டு இருந்திருப்பா. கெப்பாலா பத்தாஸ்ல தொட்டில்ல கிடந்துக்கிட்டே கடல் கடந்து உங்க மேல கண்ணு வச்சாளா?"

ரிக்ஷாவில் திரும்பினோம். சந்து முனையில் இறங்கியதும் என் கையைப் பிடித்தாள்.

"யாருக்கும் தெரியக் கூடாது. அவருக்கும் கூட. அவளுக்குத் தெரிஞ்சா நான் செத்தேன். கூனின்னு பேர் வைப்பா. மாமி என்கிட்ட இருக்கற அலமாரிச் சாவிய வாங்கி அவகிட்ட குடுத்துடுவாங்க, பெரியவளுக்கு முடியலன்னு."

நோயாளியின் ரகசியம் நோயாளியுடையது. எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். "சொல்ல மாட்டேன்" என்றேன். "ஆனா பாஜு கோணலா நின்னது காமாரியாவால இல்லன்னு இப்போ உங்களுக்குத் தெரியும். அவ வேலை போகப்போகுது. அத நீங்கதான் பாக்கணும்."

அவள் கையை விட்டுவிட்டு முன்னால் நடந்தாள்.

அதன்பின் ஒரு வாரம் அவள் சுலைஹாவைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். முன்பெல்லாம் சுலைஹா சிரிப்பதையும் மாமியார் பக்கத்தில் உட்காருவதையும் பார்ப்பாள். இப்போது முதுகைப் பார்த்தாள். அம்மி அரைக்கும்போது பார்த்தாள், வாளி தூக்கும்போது பார்த்தாள், துணி பிழியும்போது பின்னால் போய் நின்றாள். ஒரு மத்தியானம் என்னிடம் வந்தாள்.

"அவளையும் குனியச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"அவளுக்கும் இருக்கலாம்ல? எல்லாருக்கும் பாக்குற மாதிரி பாருங்க. வயசுப் பொண்ணு, பாத்தா நல்லதுதானே."

நான் மறுத்திருக்க வேண்டும். ஆனால் பார்ப்பதால் சுலைஹாவுக்குக் கெடுதல் இல்லை, பார்த்துவிட்டால் இவள் பைத்தியம் தெளியும் என்று எண்ணினேன். இரண்டாவது எண்ணம் தப்பு.

சுலைஹாவை அழைத்துக் குனியச் சொன்னேன். விரல் பட்டதும் நெளிந்தாள். "கூசுது மிஸ்ஸி! என்னத்த தேடுறீங்க, வால் இருக்கான்னா?"

"அசையாம நில்லு."

"ராத்தா ஏன் இப்படி உத்துப் பாக்குறாங்க? வால் இருக்கா ராத்தா?"

இரண்டு பக்கமும் ஒரே மட்டம். தச்சன் நூல் பிடித்து இழைத்த பலகை போன்ற முதுகு. ஹபீபா தானே பார்த்தாள். முகம் சுண்டிப்போய் அறையை விட்டுப் போனாள். அன்று குழம்பில் உப்புக் கரித்தது. அந்த வீட்டில் அப்படி நடந்தது அந்த ஒரு நாள்தான்.

பெருநாளுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது துணி வந்தது, ரோஜா நிற வாயில். வழக்கமாகக் காமாரியா வந்து வாங்கிக்கொண்டு போவாள். அந்தத் தடவை ஹபீபா தானே கொண்டுபோவதாகக் கிளம்பினாள். துணைக்கு என்னை அழைத்தாள். உண்மையை ஒத்துக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்து நானும் செருப்பை மாட்டினேன்.

காமாரியா மிஷினை நிறுத்திவிட்டுப் பாய் விரித்தாள். ஹபீபா உட்காரவில்லை. துணிக்கட்டைத் தரையில் வைத்தாள்.

"என்னோடத எப்படி வேணும்னாலும் தை. அவளோடது மட்டும் வலது பக்கம் ஒரு விரல் கொறச்சு வெட்டு."

காமாரியாவுக்குப் புரியவில்லை. "என்ன பீவி?"

"எனக்குக் கோணலாத்தான் வரும்னா அவளுக்கும் கோணலா வரட்டும். ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி. அதானே மாமி சட்டம். இத செய், கடை வேலை போகாம நான் பாத்துக்கிறேன்."

எனக்குக் கோபம் வந்தது. நான் நினைத்து வந்தது வேறு, அவள் வந்த காரியம் வேறு. ஆனால் நான் பேசுவதற்கு முன் காமாரியா எழுந்துவிட்டாள்.

"நல்ல துணிய அறிஞ்சே கோணலா வெட்ட என் கை வராது பீவி. வேலை போனா போகட்டும்லா."

பிறகு மூலையில் இருந்த பிஸ்கட் டின்னைத் திறந்தாள். அதில் வாடிக்கைக்காரர்களின் அளவுக் காகிதங்கள் சுருள் சுருளாக இருந்தன. கடையில் துணி சுற்றி வரும் பழுப்புக் காகிதத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு உரு வெட்டி வைத்திருந்தாள். அடியில் கிடந்த ஒன்றை எடுத்துப் பாயில் விரித்தாள். ஓரமெல்லாம் நைந்த பழைய காகிதம்.

"இது உங்க கல்யாணத்துக்கு வெட்டினது. பதினாறு வருஷம்."

நடுவில் மடித்துக் காட்டினாள். இரண்டு விளிம்பும் சேரவில்லை. வலது பக்கம் ஒரு விரல் கூடுதலாக நீட்டிக்கொண்டிருந்தது.

"மொத அளவு எடுத்தப்பவே பாத்தேன், வலது தோள் ஒசரம். அந்தப் பக்கம் ஒரு விரல் கூட வச்சேன். பதினாலு வருஷம் உங்களுக்கு நேராத்தான் நின்னுச்சு. சின்னவங்க வந்த மொத பெருநாள் ஞாபகம் இருக்கா? ரெண்டு பாஜுவையும் பாய்ல போட்டு மடிச்சுப் பாத்தீங்க. உங்களோடது ஒரு பக்கம் நீளம்னு சத்தம் போட்டீங்க. எனக்கும் அவளுக்கும் நூல் பிசகாம ஒரே அளவா வெட்டணும்னு சொன்னீங்க. வெட்டினேன். அதுலேருந்துதான் கோணல்."

வெளியே ஐஸ் விற்பவன் மணியடித்துப் போனான். அவன் சந்து தாண்டும் வரை ஹபீபா அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேராக இருந்ததைக் கோணலாக்கியது அவளுடைய வாய்தான்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "போன பெருநாளுக்காவது சொல்லியிருக்கலாம்ல? நடுவீட்ல நிக்க வச்சுக் கேட்டேனே."

"ரெண்டு தடவையும் சின்னவங்க பக்கத்துல நின்னாங்க. அவங்க முன்னாடி எப்படிச் சொல்றது?"

ஹபீபா அழுதாள் என்று எழுதினால் பொய். அவள் அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. பாயில் உட்கார்ந்தாள். காமாரியா கொடுத்த காப்பியைக் குடித்தாள். பிறகு காகிதத்தை விரலால் தட்டினாள்.

"இதுபடியே வெட்டு."

"சரி பீவி."

"அவளோடத அவளோட காகிதப்படி வெட்டு. ஒழுங்கா வெட்டு."

"சரி."

"ரெண்டையும் ஒன்னா மடிச்சு அனுப்பாதே. என்னோடத சுருட்டி அனுப்பு."

வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள். "அப்புறம் எனக்கு மூணு தடவை அளவு எடுக்கணும். அவளுக்கு ஒரு தடவை போதும்." காமாரியா உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மாமியார் என் தோளையும் கோலையும் பிடித்துக்கொண்டு எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மருமகள்கள் இருவரும் வந்து நின்றார்கள். ரோஜா நிறம். இரண்டு விளிம்பும் மட்டம். மூன்று குரோசாங்கும் நேர்வரிசை. அலாவுதீன் பெண்சாதியைச் சுற்றி நடந்து பார்த்தார்.

"நேராத்தானே இருக்கு? அப்போ காமாரியாவே தைக்கட்டும்."

"தைக்கட்டும்" என்றாள் ஹபீபா. "நான் அன்னிக்குப் போட்ட சத்தத்துலதான் அவ கை திருந்துச்சு."

நான் மாமியாரின் காலுக்கு மணை எடுத்துப் போட்டேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

சுலைஹாதான் சிரிக்காமல் நின்றாள். "ராத்தாவுக்கு மட்டும் மூணு தடவை வந்து அளவு எடுத்தாங்க காமாரியா அக்கா. எனக்கு ஒரே தடவ. ஒரே சட்டம்னா எல்லாத்துக்கும் ஒரே சட்டம் இல்லையா மாமி?" என்றாள். ஹபீபாவின் முகத்தில் அன்று இருந்த வெளிச்சத்தை அவள் கல்யாண நாளிலும் யாரும் பார்த்திருக்க முடியாது.

அடுத்த மாதம் மாமியார் கோலூன்றித் தானே நடந்ததும் என் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பிரசவங்களுக்கும் காய்ச்சல்களுக்கும் என்னையே அழைத்தார்கள். அதனால் மிச்சமும் தெரியும். பொறாமை தீரவில்லை. அதற்கு மருந்து நான் படித்த பாடத்தில் இல்லை. டாக்டரம்மா காட்டிய நாலு பயிற்சியையும் ஹபீபா ஒரு நாள் விடாமல் செய்தாள். உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக அல்ல. சுலைஹாவுக்கு முன்னால் முதுகு சாயக் கூடாது என்பதற்காக. காரணம் எதுவானாலும் பலன் ஒன்றுதான், சாயங்கால வலி பாதியாகக் குறைந்தது. வாளியை இரண்டு கையிலும் மாற்றி மாற்றித் தூக்கினாள். அலமாரிச் சாவி அவளிடமே இருந்தது. காமாரியாவின் மிஷினும் ஓடிக்கொண்டிருந்தது.

போன வருடம் அங்கே போயிருந்தபோது கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. சுலைஹா இப்போது நாலு பிள்ளைக்குத் தாய், உடம்பு போட்டிருந்தாள். என்னை ஓரமாக இழுத்தாள்.

"மிஸ்ஸி, உங்களுக்குத் தெரியாம இருக்காது. ராத்தா பாஜுவ யாரையும் தொட விட மாட்டாங்க. வீட்ல எல்லார் துணியையும் நான் மடிக்கிறேன், அவங்களோடது மட்டும் அவங்களே எடுத்துச் சுருட்டி வச்சுக்குவாங்க. பத்து வருஷமா பாக்குறேன். பெரிய மச்சான் அதுக்குள்ள தங்கம் கிங்கம் வச்சுத் தைக்கக் குடுக்குறாரா?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"ஒரு பக்கம் கனமா இருக்கற மாதிரி தெரியுது மிஸ்ஸி. வலது பக்கம்."

அதற்குள் ஹபீபா கொல்லையிலிருந்து வந்து, கொடியிலிருந்த தன் பாஜுவை உருவி, எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்து, சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். சுலைஹாவின் கண் அந்தச் சுருட்டலோடு கூடவே கதவு வரை போயிற்று.